வகுப்புத் தோழி யாரிடமும் பேசமாட்டாள், அவளுக்காக நானே பேசிக்கொண்டிருப்பது சரியா?

பாசிக்கயிறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஊர். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். முதல் வருடம் முதல் நாளிலிருந்து என் பக்கத்தில்தான் உட்காருகிறாள், அதாவது நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் எழுந்து போகவில்லை, எங்கள் நட்பு ஆரம்பித்த கதை அவ்வளவுதான். அவளுக்கு ஆட்கள் என்றால் பயம். கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, கூச்சம் எனக்கும் உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தன் நம்பருக்கு நாலைந்து நம்பர் முன்னாலேயே இவளுக்குக் கை சில்லிட்டுவிடும். பெஞ்சுக்கு அடியில் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொள்வாள். நம்பர் வந்ததும் வாய் அசையும், சத்தம் வராது. முதல் மாதத்தில் ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே பாதி நாள் ஆப்சென்ட் விழுந்தது. அப்புறம் நான் "வந்திருக்கா மேம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். இன்றைக்கு வரை நான்தான் சொல்கிறேன்.

பஸ் கதை இன்னும் மோசம். உச்சிப்புளிக்கு முந்தின ஸ்டாப்பில் அவள் இறங்க வேண்டும், அங்கே ஆள் இறங்கினால்தான் நிறுத்துவார்கள். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. கண்டக்டர் பின்னால் சீட்டு போட்டுக்கொண்டிருந்தாராம், "இறங்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் உச்சிப்புளி வரைக்கும் போய் இறங்கி, மதிய வெயிலில் திரும்பி நடந்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, நான் வராத மூன்று நாளும். இதை அவள் என்னிடம் சொன்னது ஆறு மாதம் கழித்து, அதுவும் வாட்ஸ்அப்பில்.

வாட்ஸ்அப்பில் அவள் வேறு ஆள். பாம்பன் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் புரியும், வாடைக்காற்று காலத்தில் வடகடல் பொங்கிக்கொண்டிருக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஒரே இடத்தில் ரெண்டு கடல். இவளும் அப்படித்தான். நேரில் ஒரு சொல் வராது, ராத்திரி மெசேஜில் எங்கள் ஹெச்ஓடி (துறைத் தலைவர்) நடக்கிற மாதிரியே எழுதிக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தே கொன்றுவிடுவாள். ஆனால் பதினொரு மணிக்கு மேல் வேறு கதை. "காலையில் நான் தலையாட்டினது அந்தப் பொண்ணுக்குத் திமிரா தெரிஞ்சிருக்குமா?" "இல்லை" என்பேன். "நிஜமாவா?" "நிஜமா." அரை மணி கழித்து மறுபடியும் அதே கேள்வி. சில நாள் ஒரு மணி வரைக்கும் போகும்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு வகுப்பே சேர்ந்து கேக் வெட்டினால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, அவளிடம் கேட்காமல் காசு வசூல் பண்ணி ஏற்பாடு செய்தேன். நாற்பது பேர் கை தட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இவள் கையில் பிளாஸ்டிக் கத்தி ஆடுகிறது, கேக் மேல் இருந்த ரோஜாப்பூ கிரீமில் கத்தி பட்டுப்பட்டு அது கூழாகிப்போனது. யாரோ வீடியோ வேறு எடுத்தார்கள். அடுத்த ஒன்பது நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. எனக்கு இப்போதும் கேக் பார்த்தால் வயிறு கலங்கும்.

அவள் நேரில் என்னிடம் பேசுகிற ஒரே இடம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடற்கரை. எங்கள் வீட்டில் கடல்பாசி வளர்க்கிறோம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவை, ஒரு மிதவைக்கு அறுபது கிலோ விதைப்பாசி வேண்டும், துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினால் நாற்பத்தைந்து நாளில் அறுக்கலாம். கட்டுகிற நாளில் அம்மாவுக்குக் கை பற்றாது, இவளும் வந்து உட்காருவாள். சாண் அளவு இடைவெளி விட்டு ஒரு முடிச்சு, ஒரு துண்டு பாசி, அடுத்த முடிச்சு. கண் கயிற்றில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. போன தடவை ரெண்டு கயிறு முடிவதற்குள் அவங்க ஆச்சி இறந்த கதையை முழுசாகச் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன், உடனே நிறுத்திவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், இந்த செமஸ்டரில் செமினார் எடுக்க வேண்டும், பத்து நிமிடம், வகுப்பு முன்னால். இன்டர்னல் 25 மார்க்கில் அதுவும் சேர்ந்தது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவள் படிப்பையே நிறுத்தப் போகிறேன் என்கிறாள். வீட்டில் "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்று சொல்லிவிட்டார்களாம். ரெண்டு வருடமாக அட்டெண்டன்ஸ், கேன்டீன், ஜெராக்ஸ் கடை, பஸ் எல்லாவற்றிலும் அவள் வாய் நான்தான். இதனால்தான் அவள் இன்னும் மோசமாகிறாளோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நிறுத்தினால் கைவிட்ட மாதிரி ஆகாதா? உண்மையைச் சொன்னால் எனக்கும் சில நாள் அலுத்துப்போகிறது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. யாராவது இப்படி ஒருவரோடு பழகியிருந்தால், அல்லது நீங்களே அப்படி இருந்திருந்தால் சொல்லுங்கள்.

—

ஓட்டுமாவு எழுதியது:

தங்கச்சி, நான் அந்தப் பக்கத்து ஆள். கீழக்கரை, வயது 31. பத்தாம் வகுப்பிலிருந்து 26 வயது வரைக்கும் உங்கள் தோழி மாதிரிதான் இருந்தேன், இப்போது ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன், கல்லாவில் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுகிறேன், இன்றைக்கும் புது ஆள் வந்தால் உள்ளங்கை ஈரமாகிவிடும், ஆனால் பேசிவிடுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நாங்கள் மற்றவர்களைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று நினைப்பார்கள். எதிரில் இருப்பவரை நாங்கள் பார்ப்பதே இல்லை. எங்களையேதான் பார்த்துக்கொண்டிருப்போம். என் குரல் எப்படிக் கேட்கிறது, முகம் சிவந்திருக்குமா, கை நடுங்குவது தெரிகிறதா என்று உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து ஓயாமல் வர்ணனை சொல்லிக்கொண்டிருப்பான். அவன் சத்தத்தில் எதிரில் இருப்பவர் கேட்ட கேள்வியே காதில் விழாது. அதனால்தான் பதில் வராது. வீட்டுக்கு வந்ததும் அதே படத்தை ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். அந்தப் பதினொரு மணி மெசேஜ் அதுதான்.

எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தான். ஏர்வாடிக்காரன், மீன் ஏலம் விடுகிற வீடு, அவன் வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவனும் முதலில் உங்களை மாதிரி எனக்காக எல்லா இடத்திலும் பேசினான். அப்புறம் அவன் அறியாமலே ஒன்று செய்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு டீக்கடை. முதலில் அவன் டீ சொல்லுவான், நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நாள் கழித்து என்னையும் உள்ளே நிற்க வைத்தான், பேச வேண்டாம், சும்மா நில் என்றான். அப்புறம் அவன் டீ சொல்லுவான், காசு மட்டும் நான் கொடுக்க வேண்டும். அதற்கே இரண்டு மாதம். ஒரு நாள் கடைக்காரர் சில்லறை இல்லை, அம்பது பைசாவுக்கு மிட்டாய் எடுத்துக்க என்றார், நான் மிட்டாயைப் பார்த்துக்கொண்டே அசையாமல் நின்றேன், அவரே ஒன்றை எடுத்துக் கையில் வைத்தார். கடைசியில் அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான், நான் உள்ளே போய் "ரெண்டு டீ" என்றேன். அஞ்சு மாதம் ஆனது ரெண்டு டீக்கு. சீனி கம்மியாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அன்றைக்குப் பாகு மாதிரி குடித்தோம்.

பின்னால் டாக்டரிடம் போனபோது சிகிச்சையே கிட்டத்தட்ட இதுதான் என்று தெரிந்தது. பயப்படுகிறவற்றைச் சின்னதிலிருந்து பெரிது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படியிலும் பயம் தானாக வடிகிற வரைக்கும் நிற்கப் பழகுவது. ஓடிப்போனால் அந்த நிமிடம் நிம்மதி, ஆனால் அடுத்த தடவை பயம் வட்டியோடு வரும்.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், நீங்கள் எல்லாவற்றையும் பேசுவது அவளை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. ஆனால் நாளைக்குக் காலையில் திடீரென்று நிறுத்தாதீர்கள், சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக, அவள் தேர்ந்தெடுக்கிற இடத்தில் நிறுத்துங்கள். ராத்திரிக் கேள்விக்கு ஒரு தடவை பதில் சொல்லுங்கள், இரண்டாவது தடவை "சொல்லிட்டேன்ல, தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். உங்கள் ஒவ்வொரு "இல்லை"யும் அவளுக்கு அரை மணி நேரம்தான் தாங்குகிறது, கவனித்தீர்களா?

அலுப்பு பற்றி. ஒரு நாள் அவன் "இன்னைக்கு என்னால முடியல, நீ கிளம்பு" என்று என்னிடம் எரிந்து விழுந்தான். எனக்கு அழுகை வந்தது, ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒரு மாதிரி லேசாக இருந்தது. அதுவரைக்கும் அவன் என்னை உடைந்துவிடும் பாத்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான், அன்றைக்குத்தான் மற்ற கூட்டாளிகளிடம் கோபப்படுகிற மாதிரி என்னிடமும் கோபப்பட்டான். எப்போதும் சிரித்துக்கொண்டே பொறுமையாக இருப்பவர்களிடம் எங்களுக்கு இன்னும் பயம், எப்போது விட்டுவிட்டுப் போவார்களோ என்று. அலுப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

—

செம்மண்தேரி எழுதியது:

இதுக்கெல்லாம் இப்ப ஒரு பேர் வச்சிடுறாங்க. நாங்க படிக்கும்போது இந்த வியாதி எல்லாம் கிடையாது. மேடையில ஏத்தி மைக்கைக் கையில குடுங்க, ஒரே நாள்ல பயம் போயிடும். தண்ணியில தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும்.

—

வத்தைக்காரி எழுதியது:

செம்மண்தேரி அண்ணன் கடல் இல்லாத ஊர் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பா நாட்டுப்படகு, எங்கள் தெருவில் நீச்சல் தெரியாத பிள்ளை கிடையாது, ஒருத்தரையும் தள்ளிவிட்டுச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. முதலில் கரையில் அலை காலை நனைக்கிற இடத்தில் உட்கார வைப்பார்கள். அப்புறம் முட்டளவு. அப்பா கையை வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டே இருப்பார், எப்போது எடுத்தார் என்று நமக்கே தெரியாது. தள்ளிவிட்ட ஒரே பையன் எங்கள் மாமா மகன், சொந்தக்காரர் ஒருத்தர் விளையாட்டுக்குச் செய்தார். அவனுக்கு இப்போது முப்பது வயது, கடலில் கால் வைக்க மாட்டான், வலைக்கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்.

அந்தக் கேக்கும் தள்ளிவிட்ட கதைதான், தங்கச்சியே ஒத்துக்கொண்டாள்.

—

மிளகாய்வத்தல் எழுதியது:

ஏர்வாடி தர்காவில் ஒரு நாற்பது நாள் தங்க வைத்தால் சரியாகும், எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குச் சரியானது. மாத்திரை எல்லாம் கொடுத்தால் பழகிவிடும், அப்புறம் கல்யாணம் பேசுவது கஷ்டம்.

—

ஓ_பி_சீட்டு எழுதியது:

நான் மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன், இந்த மாவட்டம்தான்.

தர்காவுக்குப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, எங்கள் வீட்டிலும் போவோம், எல்லா மதத்துக்காரர்களும் போகிற இடம், வேண்டுதல் மனசுக்கு ஆறுதல். சிகிச்சைக்குப் பதிலாக அதை வைப்பதுதான் பிரச்சினை. 2001 ஆகஸ்ட் 6 இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறந்திருக்காது. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தேவிட்டது. ஆனால் எங்கள் ஊர்ப்பக்கம் "மனசு டாக்டர்" என்று சொன்னதும் பெற்றவர்கள் கண்ணுக்கு முன்னால் இன்னமும் அந்தச் சங்கிலிதான் வருகிறது. அந்தப் பெண்ணின் அம்மா கல்யாணம் ஆனால் சரியாகும் என்று சொல்வதையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன், அறியாமை மட்டும் இல்லை, பயம்.

அதனால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது அந்த மாதிரி இல்லை. இதற்குச் சமூகப் பதற்றக் கோளாறு என்று பெயர், பெரும்பாலும் பதின்ம வயதில் ஆரம்பிக்கும், புறநோயாளியாக வந்து போனாலே போதும். "எங்க காலத்தில் இல்லை" என்ற அண்ணனுக்கு: அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்ததே 1980-ல்தான். அதற்கு முன்னாலும் இருந்தது, "அமைதியான பொண்ணு" என்று சொல்லி ஓரமாக உட்கார வைத்துவிட்டோம்.

பேச்சு வழிச் சிகிச்சைதான் முதல். தேவைப்பட்டால் மாத்திரை கொடுப்பார்கள். இதற்குக் கொடுக்கும் வழக்கமான மாத்திரைகள் போதை மாதிரி அடிமையாக்குவதில்லை, ஆனால் முழுப் பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம், சில பேருக்கு இன்னும் கூடுதலாக ஆகும், முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல் இருக்கலாம், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முக்கால்வாசிப் பேர் பத்து நாளில் "ஒண்ணும் கேக்கல சிஸ்டர்" என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

எங்கே போவது? ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்துவிட்டால் அவளே வரலாம், அவள் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இல்லையென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். ஆனால் போன் பேசப் பயப்படுகிற பெண்ணுக்குப் போன் நம்பர் கொடுப்பது எவ்வளவு அபத்தம் என்று எனக்கும் தெரிகிறது. ஒரு வழி, முதலில் நீ கூப்பிட்டு, "என் தோழிக்காகக் கேட்கிறேன்" என்று விவரம் கேள். அடுத்த தடவை ஸ்பீக்கரில் போட்டு அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள், அவள் "ம்" மட்டும் சொன்னால் போதும். மருத்துவமனைக்கு வந்தால் சீட்டு வரிசையில் நீ நின்றுகொள், அதில் ஒன்றும் தப்பில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் உனக்கு எழுதுகிற மாதிரியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். எத்தனையோ பேர் அப்படித் தாளை நீட்டுகிறார்கள், டாக்டர் படித்துக்கொள்வார்.

இன்னொன்று. படிப்பை நிறுத்துகிறேன் என்கிறாள் இல்லையா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடு. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள், அப்படி வராது. பாசி கட்டும்போது கேள். ஆமாம் என்றால் அன்றைக்கே கூப்பிடு, இதை உன் தலையில் மட்டும் வைத்துக்கொள்ளாதே.

—

சாக்பீஸ்தூள் எழுதியது:

கல்லூரியில் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் ஒரு விஷயம் மட்டும். செமினாரை மாற்றி அமைக்க முடியும். நான் செய்திருக்கிறேன், முதலில் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து எனக்கு மட்டும், அப்புறம் ரெண்டு பேரை வைத்து. ஹெச்ஓடிக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், டாக்டர் சீட்டு இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் அவளைக் கேட்காமல் நீ நேராக எந்த மேடத்திடமும் போய்விடாதே. கேக்குக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும். கடிதத்தை அவளே எழுதட்டும், எழுத்தில் கெட்டிக்காரி என்று நீயே சொல்கிறாய்.

அப்புறம், இவ்வளவு விவரத்தை இங்கே எழுதுவதற்கு முன்னால் அவளைக் கேட்டாயா?

—

பாசிக்கயிறு எழுதியது:

கேட்கவில்லை மேம். படித்ததும் சுருக்கென்றது. ஸ்டாப், ஊர், ஆச்சி விஷயம் எல்லாவற்றிலும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டுமாவு காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), உங்கள் டீக்கடையை ராத்திரி நாலு தடவை படித்தேன். சிஸ்டர் சொன்ன கேள்வியை ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், அவளும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே "அந்த அளவுக்கு இல்ல, மறைஞ்சு போயிட்டா நல்லாருக்கும்னு தோணும்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே 14416-க்குக் கூப்பிட்டேன். அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போகிறோம், வீட்டில் ரெக்கார்டு நோட்டு வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறாள்.

—

பாசிக்கயிறு எழுதியது (நாலு வாரம் கழித்து):

சிலர் தனிச் செய்தியில் கேட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டரிடம் தாளைத்தான் நீட்டினாள், முன்னும் பின்னுமாக ரெண்டு பக்கம். மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் வாந்தி வருகிற மாதிரியே இருக்கிறது என்று நிறுத்தப் பார்த்தாள், சிஸ்டர் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவங்க அம்மாவுக்கு இன்னும் தெரியாது, டப்பா என் பையில்தான் இருக்கிறது, தினமும் காலையில் பஸ்சில் ஒன்று. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று டாக்டரும் சொன்னார், "கொஞ்ச நாள்" என்கிறாள்.

செமினாருக்குக் கடிதம் அவளே எழுதினாள். மேம் ஒத்துக்கொண்டார், லேபில், மேம் ஒருத்தர், நான், இன்னொரு பெண். இவள் குரல் மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேம் நல்ல மனசோடு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். உடனே அந்த அமைதியில் இவள் அப்படியே உறைந்துவிட்டாள், எச்சில் விழுங்குகிற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து போய்த் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். மேம் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் பேசினாள். மறுநாள் வரவில்லை.

அட்டெண்டன்ஸ் இன்னும் நான்தான் சொல்கிறேன். அதை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றாள், பஸ்சை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். முதல் நாலு நாள் ஸ்டாப் வருவதற்கு முன்னால் எழுந்து நின்றாள், அவ்வளவுதான், நான் குரல் கொடுத்தேன். நேற்று கூட்டம். கண்டக்டர் முன்னால் மாட்டிக்கொண்டார். ஸ்டாப் நெருங்குகிறது, இவள் என்னைப் பார்க்கிறாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம் டக் டக்கென்று சத்தம். பர்சிலிருந்து ரெண்டு ரூபாய் காசை எடுத்துக் கம்பியில் தட்டியிருக்கிறாள். ஸ்டாப்பைத் தாண்டி ஒரு இருபதடி போய் பஸ் நின்றது, "முன்னாடியே தட்ட வேண்டியதுதானே" என்று கண்டக்டர் திட்டினார், இவள் இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பக்கத்தையும் அவளிடம் காட்டிவிட்டேன். ராத்திரி முழுவதும் படித்திருக்கிறாள். நான் பயந்துகொண்டே இருந்தேன். காலையில் ஒரே ஒரு மெசேஜ்: "கேக் மேட்டர ஏன்டி எழுதுன."